உறழ்பொருவும் உடற்படிமமும்: சமூக ஊடகச் சூழலில் வளரிளம் பருவத்தினர்

ஆய்வுச்சுருக்கம்

சமூக ஊடகங்களால் வளரிளம் பருவத்தினர் தம் உடல்பற்றிக் கொள்ளும் மனவருத்தம் தமிழில் பெரிதும் ‘உருவக்கேலி’ என்னும் சொல்லைக் கொண்டே பேசப்படுகிறது. அச்சொல் கேலி செய்யும் ஒருவரை முன்னிறுத்துவது. ஆனால் உளவியல் ஆய்வுகள் சுட்டும் தீங்கின் பெரும்பகுதி கேலி செய்வோர் எவரும் இல்லாத நிலையில், தன்னைப் பிறரோடு ஒப்பிடுவதால் விளைகிறது. இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்தத் தமிழிலக்கண உரைமரபின் ‘உவமப்பொரு’, ‘உறழ்பொரு’ என்னும் பாகுபாடு துணைசெய்கிறது. அப்பாகுபாட்டின் வழியே உடற்படிமம் குறித்த ஆய்வு முடிவுகளையும் தமிழ்ச்சூழலையும் தீர்வுக்கான வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உடற்படிமம், உருவக்கேலி, உறழ்பொரு, உவமப்பொரு, மாமை, சமூக ஊடகம், வளரிளம் பருவம்

முன்னுரை

மனிதர் தம் உடலை அறியும் வழிகள் பல. நீர்நிலையும் கண்ணாடியும் ஒளிப்படமும் அவ்வழிகளுள் அடங்கும். பிறர் கூறும் சொல்லும் ஒரு வழியே. 2010ஆம் ஆண்டு அக்டோபரில் இன்ஸ்டாகிராம் தொடங்கப்பட்டபின் படத்தை மையமாகக் கொண்ட ஊடகங்கள் இவ்வழிகளை ஒரே திரைக்குள் கொண்டுவந்தன. தன் முகத்தைப் பார்ப்பதும், அதனைத் திருத்துவதும், பிறர் பார்வைக்கு வைப்பதும், பிறர் முகங்களோடு அடுத்தடுத்துக் காண்பதும் ஒரே கருவியில் ஒருசில நொடிகளில் நிகழும் செயல்களாயின.

இம்மாற்றத்தை மிகுதியாக எதிர்கொள்பவர்கள் உடல் வளர்ச்சியும் தன்னுணர்வும் ஒருசேர விரைவுறும் வளரிளம் பருவத்தினர். அவர்களுக்கு நேரும் இடர்ப்பாட்டைத் தமிழ்ச்சமூகம் எந்தச் சொல்லால் அறிகிறது, அச்சொல் இடர்ப்பாட்டின் எப்பகுதியைக் காட்டுகிறது, எப்பகுதியை மறைக்கிறது என்பன இக்கட்டுரையின் வினாக்கள். ஒரு நோய்க்குப் பெயரிடும் முறை அதற்கு மருந்து தேடும் திசையையும் தீர்மானிக்கும் என்பதால் இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் வினா அன்று.

உடற்படிமம்: பொருள் வரையறை

உடல் வேறு, உடலைப்பற்றி உள்ளம் கொண்டிருக்கும் படிமம் வேறு. வியன்னாவைச் சேர்ந்த உளமருத்துவர் பால் ஷில்டர் 1935இல் வெளியிட்ட நூல் இவ்வேறுபாட்டை விரிவாக நிறுவியது. ஒருவர் தம் உடலைக் குறித்து மனத்துள் வரைந்துகொள்ளும் வடிவமே உடற்படிமம். அது தோற்றம் பற்றிய அறிவு, அத்தோற்றம் பற்றிய உணர்வு, அவ்வுணர்வால் விளையும் நடத்தை ஆகிய மூன்றையும் உள்ளடக்கியது. ஒல்லியான ஒரு மாணவி தன்னைப் பருத்தவளாகக் காண்பது அறிவு சார்ந்தது. அதனால் நாணுவது உணர்வு சார்ந்தது. மதிய உணவைத் தவிர்ப்பது நடத்தை சார்ந்தது.

இம்மூன்றனுள் பெற்றோரும் ஆசிரியரும் காணக்கூடியது நடத்தை ஒன்றே. அதுவும் பல வேளைகளில் ‘பசியில்லை’, ‘தேர்வு நெருங்குகிறது’ என்னும் காரணங்களுக்குள் மறைந்துவிடுகிறது. எனவே காரணத்தைக் கண்டறிய வேண்டியவர்கள் அதனை எச்சொல்லின்கீழ்த் தேடுகிறார்கள் என்பது இன்றியமையாததாகிறது.

உருவக்கேலி என்னும் சொல்லின் எல்லை

தமிழ் இதழ்களிலும் தொலைக்காட்சியிலும் பரவலாக வழங்கும் ‘உருவக்கேலி’ என்னும் சொல்லாட்சி பயனுடையது. நெடுங்காலம் நகைச்சுவையாகக் கொள்ளப்பட்ட ஒன்றனை அறப்பிழையாகக் காட்டியது அச்சொல். நிறத்தையும் பருமனையும் உயரத்தையும் பட்டப்பெயராக்கி அழைக்கும் வழக்கம் வகுப்பறைகளிலும் திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளிலும் இயல்பாக இருந்த சூழலில் அச்சொல் ஒரு மறுப்பாக எழுந்தது. திருக்குறளின் வினைத்திட்பம் அதிகாரம் உருவத்தின் சிறுமை கண்டு ஒருவரை இகழலாகாது என்பதற்குப் பெருந்தேரின் அச்சாணியைச் சான்றாக்குகிறது. மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக எள்ளலை வைக்கிறது தொல்காப்பியம். எனவே எள்ளலைப் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதியதன்று.

ஆயினும் ‘கேலி’ என்பது வினைமுதலையும் செயப்படுபொருளையும் வேண்டி நிற்கும் செயல். ஒருவர் கேலி செய்ய வேண்டும். மற்றொருவர் அதற்கு ஆளாக வேண்டும். இச்சொல்லைக் கொண்டு காரணம் தேடும் பெற்றோர் ‘யார் என்ன சொன்னார்கள்?’ என்று வினவுவர். ‘யாரும் ஒன்றும் சொல்லவில்லை’ என்பது விடையாயின் சிக்கல் ஏதுமில்லை என்று அமைதி கொள்வர். பிள்ளை சொன்ன விடை உண்மையாகவும் இருக்கலாம், இடர்ப்பாடும் இருக்கலாம் என்பதற்கு அச்சொல் இடம் தருவதில்லை.

கேலி செய்வோர் இல்லாமலே தீங்கு நேரும் என்பதற்கு 1998இல் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் உடனாய்வாளர்களும் அமெரிக்காவில் வெளியிட்ட சோதனை நல்ல சான்று. கல்லூரி மாணவ மாணவியர் தனியறையில் முழுவுருவக் கண்ணாடி முன் நின்று ஓர் உடையை அணிந்து பார்க்குமாறு பணிக்கப்பட்டனர். சிலருக்கு நீச்சலுடை, சிலருக்குக் கம்பளி மேலாடை. அவ்வுடையிலேயே அவர்கள் கணக்குத் தேர்வு ஒன்றை எழுதினர். நீச்சலுடை அணிந்த பெண்கள் மேலாடை அணிந்த பெண்களைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். ஆண்களிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை. அறையில் பார்ப்பவர் எவருமில்லை. கேலி செய்தவரும் இல்லை. தன் உடலைப் பிறர் கண்ணால் தானே கண்காணிக்கும் நிலை அறிவின் ஒரு பகுதியைத் தனக்கென எடுத்துக்கொண்டது. இதற்கு முந்தைய ஆண்டில், 1997இல், ஃபிரெட்ரிக்சனும் டோமி-ஆன் ராபர்ட்ஸும் முன்வைத்த ‘பொருளாக்கல் கோட்பாடு’ இந்நிலையையே விளக்குகிறது. இங்கு வினைமுதலும் செயப்படுபொருளும் ஒருவரே.

உவமப்பொருவும் உறழ்பொருவும்

கேலி என்னும் சொல் எட்டாத இப்பகுதியைச் சுட்டத் தமிழிலக்கண மரபிலேயே ஒரு கருவி உள்ளது. தொல்காப்பிய வேற்றுமையியல் ‘இன்’ உருபை ஏற்கும் ஐந்தாம் வேற்றுமையை, ஒன்றனை நோக்க மற்றொன்று இத்தன்மையது எனக் கூறுவதாக வரையறுக்கிறது. அவ்வேற்றுமை வரும் பொருள்களைப் பட்டியலிடும்போது முதற்கண் வைக்கப்படுபவை வண்ணமும் வடிவும் அளவும். சிறுமை, பெருமை, சிறத்தல், இழித்தல் ஆகியனவும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. இன்று வளரிளம் பருவத்தினர் தம்மை ஒப்பிட்டுக்கொள்வதும் நிறம், வடிவம், அளவு ஆகிய இம்மூன்றிலேயே என்பது கருதத்தக்கது.

உரையாசிரியர்கள் இவ்வேற்றுமையின் ஒப்புப்பொருளை ‘பொரு’ என்றும், அதனை உவமப்பொரு, உறழ்பொரு என்றும் வகுத்தனர். ஒன்று மற்றொன்றைப் போன்றது என்பது உவமப்பொரு. ஒன்று மற்றொன்றினும் மிக்கது அல்லது குறைந்தது என்பது உறழ்பொரு. களாப்பழத்தின் கருமையைக் காக்கையின் கருமையோடு வைத்துக் காட்டும் மரபான எடுத்துக்காட்டை இருவகையாகவும் பொருள்கொள்ள இடமுண்டு: காக்கை போலக் கரியது எனவும் கொள்ளலாம், காக்கையைக் காட்டிலும் கரியது எனவும் கொள்ளலாம். முன்னது இரண்டையும் இணைக்கிறது. பின்னது இரண்டையும் தரப்படுத்துகிறது.

தமிழ்ச்செய்யுள் மரபின் உடல் வருணனை பெரிதும் உவமப்பொருவைச் சார்ந்தது. பொருநராற்றுப்படை பாடினியின் உருவத்தைக் கூந்தல் தொடங்கி அடிவரை வருணிக்கிறது. கூந்தலுக்கு ஆற்றறலும் நுதலுக்குப் பிறையும் உவமைகளாகின்றன. ஒப்புமைக்கு உரியவை இயற்கைப் பொருள்களே; பக்கத்துவீட்டுப் பெண் அல்லள். உறழ்ந்து கூறும் இடத்தும், திருக்குறளின் நலம்புனைந்துரைத்தல் அதிகாரத்திற் போல, தோற்பது மதியும் மலருமே. அம்மரபு குற்றமற்றது என்று இதனாற் கொள்ளலாகாது. நுண்ணிடை என்னும் இலட்சியமும் பெண்ணுடலை உறுப்புறுப்பாகப் பார்க்கும் பார்வையும் அதன்கண் வேரூன்றியவை. பாதாதிகேசமும் கேசாதிபாதமும் தனிச் சிற்றிலக்கிய வகைகளாகவே வளர்ந்தன. மருதத்திணையில் தலைவியும் பரத்தையும் தம்முள் உறழ்வதும் உண்டு. ஆனால் அவ்வுறழ்ச்சி ஊடலையும் துயரையும் விளைப்பதாகவே அத்திணை காட்டுகிறது.

இன்றைய பேச்சுத்தமிழில் உறழ்பொருவின் உருபுபோல் நிற்பது ‘விட’ என்னும் சொல். ‘அவளைவிட நான் கறுப்பு’, ‘அவனைவிட நான் ஒல்லி’ என்னும் தொடர்களில் எவரும் எவரையும் கேலி செய்யவில்லை. எனினும் ஒருவர் தாழ்ந்துவிடுகிறார்.

ஒப்பீடு பிறக்கும் விதம்: ஃபிஜித் தீவின் சான்று

ஒப்பீட்டை உளவியலில் கோட்பாடாக்கியவர் லியோன் ஃபெஸ்டிங்கர். 1954இல் அவர் முன்வைத்த சமூக ஒப்பீட்டுக் கோட்பாட்டின்படி, புறநிலை அளவுகோல் இல்லாதபோது மனிதர் தம்மைப் பிறரோடு, குறிப்பாகத் தம்மை ஒத்தவரோடு, ஒப்பிட்டே மதிப்பிடுகின்றனர். அழகிற்குப் புறநிலை அளவுகோல் இல்லை. எனவே யாரோடு ஒப்பிடுவது என்பதே மதிப்பீட்டின் முடிவைத் தீர்மானிக்கிறது. ஒப்பிடத்தக்கவர் வட்டம் மாறினால் உடல் மாறாமலே உடற்படிமம் மாறிவிடும்.

இதனைத் தெளிவாகக் காட்டியது ஃபிஜித் தீவில் ஆன் பெக்கர் நடத்திய ஆய்வு. அங்குள்ள நட்ரோகா பகுதியில் கட்டுடல் விரும்பத்தக்கதாகவும், உடல் மெலிவு உறவினரின் பேணல் குறைந்ததன் அடையாளமாகவும் கருதப்பட்டு வந்தன. 1995இல் அப்பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களில் பள்ளி மாணவியரிடம் உண்ணல் மனப்பாங்கு அளவீடு மேற்கொள்ளப்பட்டது. 1998இல் அதே பள்ளிகளில் மீண்டும் மேற்கொள்ளப்பட்டது. கவலைக்குரிய அளவைக் கடந்த மாணவியர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாயினர். எடையைக் குறைக்க உண்டதை வலிந்து வாந்தியெடுப்போர் முதல் அளவீட்டில் ஒருவரும் இலர். இரண்டாம் அளவீட்டில் 11.3 விழுக்காட்டினர். தொலைக்காட்சி அம்மாணவியரைக் கேலி செய்யவில்லை. அவர்கள் தம்மை ஒப்பிடுவதற்குரிய உடல்களின் தொகுதியை மாற்றியது.

2011இல் பெக்கரும் உடனாய்வாளர்களும் ஃபிஜியில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் ஒருபடி முன்சென்றது. மாணவி தான் நேரடியாக ஊடகத்தைப் பார்ப்பதைக் காட்டிலும் அவளுடைய தோழியர் வட்டம் பார்ப்பது உண்ணல் கோளாற்றுடன் வலுவான தொடர்புடையதாக இருந்தது. ஒரு பிள்ளையின் கையிலிருந்து கருவியைப் பறித்துவிடுவதால் மட்டும் சிக்கல் தீராது என்பதனை இம்முடிவு உணர்த்துகிறது. அளவுகோல் வீட்டுக்குள் இல்லாவிடினும் வகுப்பறையில் இருக்கும்.

மெலிவைப் பேணலின்மையின் அடையாளமாகக் கண்ட ஃபிஜிப் பார்வை அகப்பாடல்களை அறிந்தோர்க்கு அயலானதன்று. வளை கழல்தலும் தோள் மெலிதலும் பசலை படர்தலும் அங்குத் துயரின் அடையாளங்கள். தோழியும் செவிலியும் அவற்றைக் கண்டு காரணம் தேடுகின்றனர். திருக்குறள் பசப்புறுபருவரல், உறுப்புநலனழிதல் என இரு அதிகாரங்களையே இதற்கென வகுத்துள்ளது. இன்றைய திரையிலோ அதே மெலிவு ‘முன்பு – பின்பு’ என இருபடங்களாக அருகருகே வைக்கப்பட்டுச் சாதனையாகப் பாராட்டப்படுகிறது. அடையாளம் ஒன்றே, பொருள் தலைகீழாகியுள்ளது. அதனால் துயரில் மெலியும் பிள்ளையும் பாராட்டப்படுகிறாள் என்பதே இம்மாற்றத்தின் இடர்.

சமூக ஊடகத்தில் உறழ்பொருவின் இயங்குமுறை

தொலைக்காட்சியினும் சமூக ஊடகம் மூன்று வகையால் வேறுபட்டது. முதலாவது, ஒப்பிடப்படுபவர் நடிகையர் மட்டும் அல்லர், ஒத்த வயதினரும் ஆவர். எட்டாத் தொலைவிலுள்ள நடிகையோடு தன்னை ஒப்பிடாத மாணவியும் அடுத்த வகுப்பு மாணவியின் படத்தோடு ஒப்பிடுகிறாள். ஃபெஸ்டிங்கர் கூறிய ‘தம்மை ஒத்தவர்’ என்னும் நிபந்தனை இங்கு முழுமையாக நிறைவேறுகிறது.

இரண்டாவது, அவ்வொத்தவரின் படம் அவர்தம் உண்மையுருவம் அன்று. நெதர்லாந்தில் 14 முதல் 18 வயதுவரையுள்ள 144 பெண்களிடம் நிகழ்த்தி 2018இல் வெளியான சோதனை இதற்குச் சான்று. இயல்பான படங்களும் திருத்தப்பட்ட படங்களும் அவர்களுக்குத் தனித்தனியே காட்டப்பட்டன. திருத்தப்பட்ட படங்களைக் கண்டவர்களின் உடற்படிமம் தாழ்ந்தது. ஒப்பிடும் இயல்பு மிக்கவர்களிடம் இத்தாழ்வு கூடுதலாக இருந்தது. ஃபில்டர் பயன்படுத்தியிருப்பதை அவர்கள் கண்டுகொண்டனர். ஆனால் உடல்வடிவம் திருத்தப்பட்டிருப்பதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை.

தன்னுருவமும் இவ்வாறே திரிகிறது. கைநீட்டி எடுக்கும் செல்ஃபியில் ஏறத்தாழ 12 அங்குலத் தொலைவிலிருந்து எடுக்கப்படும் முகம், 5 அடித் தொலைவிலிருந்து எடுக்கப்படுவதைவிட மூக்கை ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகக் காட்டும் என 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. இது ஒளியியலின் விளைவு, முகத்தின் குறையன்று. இதனை அறியாத பிள்ளை, திரிந்த தன்னுருவத்தைத் திருத்தப்பட்ட பிறருருவத்தோடு உறழ்கிறாள். ஒப்பிடப்படும் இரு பக்கமும் உண்மையல்ல. விளையும் தாழ்வுணர்வு மட்டுமே உண்மை.

மூன்றாவது, ஒப்பீட்டுக்குரிய படங்களைத் தேர்ந்தளிப்பது பரிந்துரை நிரல். ஒரு படத்தின்மேல் கண் சற்று நீண்டு நின்றால் அதனை விருப்பமாகக் கணித்து அதுபோன்ற படங்களையே நிரல் மேன்மேலும் முன்வைக்கிறது. விருப்பத்தால் நோக்குவதும் வருத்தத்தால் நோக்குவதும் நிரலுக்கு ஒன்றே. உடல்பற்றிக் கவலையுறும் பிள்ளைக்கே உடல் சார்ந்த படங்கள் மிகுதியாக வந்து சேர்வது இதனால்தான்.

ஆய்வு முடிவுகளும் அவற்றின் வரம்பும்

2021 செப்டம்பரில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழ் அப்போது ஃபேஸ்புக் எனப்பட்ட நிறுவனத்தின் உள்ளாய்வு ஆவணங்களை வெளிப்படுத்தியது. தம் உடல்பற்றி வருந்தியிருந்த பதின்வயதுப் பெண்களுள் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அவ்வருத்தத்தை மிகுவித்ததாகக் கூறினர் என்பது அவற்றுள் ஒரு முடிவு. நிறுவனம் இதற்கு மறுப்புரைத்தது. ஆராயப்பட்ட 12 கூறுகளுள் 11இல் வருத்தமுற்றிருந்த பெண்கள் இன்ஸ்டாகிராம் தமக்கு நன்மை செய்ததாகவோ வேறுபாடு விளைக்கவில்லை என்றோதான் மிகுதியாகக் கூறினர் என்பது அம்மறுப்பு. அம்மறுப்பிலும் விதிவிலக்காக நின்ற ஒரே கூறு உடற்படிமம்.

2023இல் அமெரிக்கப் பொதுநலத் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிவுரை 13 முதல் 17 வயதினரின் கருத்தை எடுத்துக்காட்டுகிறது. சமூக ஊடகம் தம் உடற்படிமத்தைத் தாழ்த்துகிறது என்றோர் 46 விழுக்காடு. வேறுபாடில்லை என்றோர் 40 விழுக்காடு. உயர்த்துகிறது என்றோர் 14 விழுக்காடு.

இம்முடிவுகளை மிகைப்படுத்தலும் தவறு. ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கியும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, இளையோர் நலவேறுபாட்டில் எண்மக் கருவிப் பயன்பாடு விளக்கும் பங்கு 0.4 விழுக்காட்டினும் மிகாது எனக் காட்டியது. முன்னர்க் கூறிய முடிவுகளோடு இது முரண்படுவதாகத் தோன்றலாம். அளக்கப்பட்ட பொருள் வேறு என்பதனை நோக்கின் முரண் பெரிதும் நீங்கும். அவ்விருவரும் அளந்தது கருவிப் பயன்பாட்டையும் பொதுவான மனநலத்தையும். உடற்படிம ஆய்வுகள் அளப்பதோ ஒப்பீட்டுக்கு இடந்தரும் படங்களைக் காண்பதையும் உடல்பற்றிய உணர்வையும். எல்லாரையும் சராசரியாக்கும்போது சிலருக்கு நேரும் பெருந்தீங்கு மறைந்துபோகவும் கூடும். எனவே ‘எவ்வளவு நேரம் பார்க்கிறாள்?’ என்பதனோடு ‘யாரோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கிறாள்?’ என்பதும் வினவப்பட வேண்டும்.

வயதும் கருதத்தக்கது. ஆர்பனும் உடனாய்வாளர்களும் 2022இல் பிரித்தானியத் தரவுகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வின்படி, சமூக ஊடகப் பயன்பாடு மிகுதல் அடுத்த ஆண்டின் வாழ்க்கை நிறைவைக் குறைக்கும் தொடர்பு பெண்களிடம் 11–13 வயதிலும் ஆண்களிடம் 14–15 வயதிலும் இருபாலாரிடமும் 19 வயதிலும் வெளிப்பட்டது. தமிழகப் பள்ளிக் கணக்கில் முதலிரு காலங்களும் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையில் அடங்கும்.

தமிழ்ச்சூழல்: நிறம், மெலிவு, ஆணுடல்

தமிழ்ப் பிள்ளைகளின் ஒப்பீட்டில் வடிவத்தினும் நிறம் முன்னிற்பதைக் காணலாம். சங்கப்பாடல்களில் பெண்ணின் நிறவழகைச் சுட்டும் சொற்களுள் மாமை தலைசிறந்தது. மாந்தளிர் போன்ற நிறம் என்று உரைகாரர் அதனை விளக்குவர். பசலை என்பது அந்நிறம் மாறி வெளிறுதல். குறுந்தொகையில் வெள்ளிவீதியாரின் தலைவி தன் மாமையைப் பசலை உண்பதனை, கன்றுக்கும் கலத்திற்கும் ஆகாது நிலத்தில் ஒழுகிய பாலோடு ஒப்பிட்டு வருந்துகிறாள். அங்கு வெளிறுதல் இழப்பு. இன்றைய அழகு ஃபில்டர்கள் பலவற்றில் வெளிறுதல் மெருகு. தோலை வெளுப்பித்துக் காட்டுவது பயனர் கேளாமலே நிகழும் செயலாகவும் உள்ளது.

இம்மாற்றத்தைச் சமூக ஊடகம் தொடங்கி வைக்கவில்லை. சிவப்பு நிறத்தை உயர்வாகக் கொள்ளும் மனப்பான்மை சாதி, குடியேற்ற ஆட்சி, திருமணச் சந்தை, திரைப்படம் ஆகியவற்றோடு பிணைந்து வளர்ந்தது. 1975இல் இந்தியாவில் அறிமுகமான ‘ஃபேர் அண்டு லவ்லி’ களிம்பு ஏறத்தாழ அரைநூற்றாண்டு அப்பெயரிலேயே விற்கப்பட்டு, 2020இல் ‘குளோ அண்டு லவ்லி’ எனப் பெயர் மாறியது. களிம்பு வெண்மையை வாக்களித்தது. ஃபில்டரோ அதனை நொடியில் காட்டிவிடுகிறது. வாக்குறுதி பொய்த்தால் களிம்பைக் குறைகூறலாம். ஃபில்டரை நீக்கியபின் காணும் முகத்திற்குக் குறைகூறத் தன்னையன்றி வேறொருவர் இல்லை.

மெலிவு குறித்த கவலை இந்தியச் சூழலில் தனி இடருடையது. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) நாட்டின் 15–19 வயதுப் பெண்களுள் 59.1 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். உணவைக் கூட்ட வேண்டிய உடல்கள் இவை. வளம்மிக்க நாடுகளில் உருவான ‘டயட்’ காணொளிகள் இவ்வுடல்களை நோக்கிக் குறைக்கச் சொல்லுகின்றன. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ‘ரீல்ஸ்’ வசதியை இங்கு அறிமுகப்படுத்தியது. செயலி மாறியதேயன்றிக் குறுங்காணொளி வழியான ஒப்பீடு நிற்கவில்லை.

இது பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. ஆண்பிள்ளைகளிடம் ஒப்பீடு மெலிவை நோக்காது தசையை நோக்குகிறது. தசை போதவில்லை என்னும் தீராக் கவலையை ஹாரிசன் போப்பும் உடனாய்வாளர்களும் 1997இல் உடல்தோற்றக் கோளாற்றின் ஒரு வகையாக வரையறுத்தனர். தமிழ்நாட்டுச் சிறுநகரங்களிலும் ‘சிக்ஸ்பேக்’ என்னும் சொல் அறியாத பதின்வயதினர் இலர். உடற்பயிற்சி நன்று என்னும் பொதுக்கருத்து இக்கவலையை மறைத்துவிடுகிறது. உண்ணாத பெண்பிள்ளையைக் கண்டு கலங்கும் வீடு, ஓயாது உடற்பயிற்சிக் கூடம் செல்லும் ஆண்பிள்ளையைக் கண்டு மகிழ்கிறது.

தீர்வுக்கான வழிகள்

காரணம் கேலி எனின் தீர்வு கண்டித்தல். காரணம் உறழ்தல் எனின் தீர்வு வேறாதல் வேண்டும். உலக நாடுகள் முயன்ற வழிகளை இந்நோக்கில் மதிப்பிடலாம்.

முதல் வழி, திருத்தப்பட்ட படத்திற்கு முத்திரையிடல். ஃபிரான்ஸ் 2017 முதல் வணிக ஒளிப்படங்களுக்கும், நார்வே 2022 ஜூலை முதல் சமூக ஊடக விளம்பரங்களுக்கும் இதனைக் கட்டாயமாக்கின. நேர்மை என்னும் வகையில் இது வரவேற்கத்தக்கது. ஆனால் மரிகா டிகமானும் பிறரும் செய்த சோதனைகள் இத்தகைய குறிப்புகள் உடற்படிமத் தாழ்வைப் பெரும்பாலும் தடுக்கவில்லை எனக் காட்டின. படம் பொய் என்று அறிவதால் மட்டும் அதனோடு ஒப்பிடுதல் நிற்பதில்லை.

இரண்டாம் வழி, சொல்லைத் தடுத்தல். மெலிவைத் தூண்டும் குறிச்சொற்கள் சிலவற்றை 2012இல் இன்ஸ்டாகிராம் தடைசெய்தது. பயனர்கள் எழுத்துகளை மாற்றியும் கூட்டியும் புதிய வடிவங்களை ஆக்கிக்கொண்டதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது. வழக்கு, தடையைக் கடந்து திரிந்து வாழும் என்பது மொழியியலார் அறிந்ததே.

மூன்றாம் வழி, வயது வரம்பும் நேர வரம்பும். ஆஸ்திரேலியா 16 வயதிற்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் 10 முதல் தடுத்துள்ளது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதிற்குட்பட்டோரைக் குழந்தைகளாகக் கொண்டு, அவர்தம் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களை நோக்கிய இலக்கு விளம்பரங்களையும் தடுக்கிறது. நேரக் குறைப்பின் பயனுக்குக் கனடாவில் 17–25 வயதினர் 220 பேரிடம் நடத்தி 2023இல் வெளியான சோதனை சான்று. மனவருத்தக் குறிகள் உடைய அவர்களுள் ஒரு குழுவினர் மூன்று வாரம் நாள்தோறும் 60 நிமிட வரம்பை மேற்கொண்டனர். தோற்றமும் எடையும் பற்றிய அவர்தம் மதிப்பீடு மற்றக் குழுவினரைவிட உயர்ந்தது.

நான்காம் வழி, ஒப்பீட்டை மொழியால் எதிர்கொள்ளல். எரிக் ஸ்டைஸ் உருவாக்கி நெடுங்காலம் சோதிக்கப்பட்ட பயிற்சிமுறை இவ்வகையது. அதில் பங்கேற்போர் மெலிவு இலட்சியத்தால் விளையும் இழப்புகளைத் தாமே எடுத்துரைக்கின்றனர்; இளைய பெண் ஒருத்திக்கு அதுபற்றிக் கடிதம் எழுதுகின்றனர். பிறர் அறிவுரையைக் கேட்பதினும் தாமே எதிர்வாதம் புரிவது உள்ளத்தை மாற்றும் என்பது அதன் அடிப்படை. இதற்கு மருத்துவமனை வேண்டுவதில்லை. கடிதம் எழுதுதலும் சொற்போர் நிகழ்த்தலும் தமிழ் வகுப்பறையின் அன்றாடப் பயிற்சிகளே. மாமை என்னும் சொல்லை விளக்கும் ஆசிரியர், பொருளோடு நில்லாமல் அந்நிறம் எப்போது, எவரால் குறையாக்கப்பட்டது என்னும் வினாவையும் எழுப்பலாம். ஐந்தாம் வேற்றுமையைக் கற்பிக்கும்போது ‘போல’ என்பதற்கும் ‘விட’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மாணவர் தம் வாழ்விலிருந்தே எடுத்துக்காட்டச் செய்யலாம். உண்ணல் கோளாறு முற்றிய பிள்ளைக்கு மருத்துவமே தேவை. ஆயினும் அந்நிலையை அடையுமுன் அடையாளம் காணும் பொறுப்பு பள்ளிக்கும் வீட்டுக்கும் உண்டு.

தொகுப்புரை

‘உருவக்கேலி’ என்னும் சொல் ஓர் அறப்பிழையைச் சுட்டுவதில் வெற்றிபெற்றுள்ளது; ஆயினும் சமூக ஊடகத்தால் நேரும் உடற்படிமத் தாழ்வு முழுவதையும் அதனாற் சுட்ட இயலாது.

அத்தாழ்வு பெரிதும் கேலி செய்வோர் இல்லாத ஒப்பீட்டினால் விளைகிறது. உரையாசிரியர்கள் வகுத்த உறழ்பொரு என்னும் கருத்து, தரப்படுத்தும் இவ்வொப்பீட்டை இணைக்கும் ஒப்பீடாகிய உவமப்பொருவினின்றும் பிரித்தறியத் துணைசெய்கிறது.

ஒத்த வயதினரின் திருத்தப்பட்ட படங்களும், திரிந்த தன்னுருவமும், கவலையையும் விருப்பமாகக் கணிக்கும் நிரலும் உறழ்பொருவைத் தொடர்செயலாக்குகின்றன. தமிழ்ச்சூழலில் நிறமும், இரத்தசோகையோடு கூடிய மெலிவு வேட்கையும் இதனைக் கடுமையாக்குகின்றன.

முத்திரையும் சொற்றடையும் ஒப்பீட்டைத் தொடுவதில்லை. நேர வரம்பு அதற்குரிய வாய்ப்பைக் குறைக்கிறது. மொழிவழிப் பயிற்சி அதனை நேரே எதிர்கொள்கிறது.

உணவைத் தள்ளிவைக்கும் பிள்ளையிடம் ‘யார் என்ன சொன்னார்கள்?’ என்று கேட்பதோடு அமையாது, ‘யாரைப் பார்த்து உன்னைக் குறைவாக நினைக்கிறாய்?’ என்றும் கேட்க வேண்டும். முதல் வினாவிற்கு விடையில்லாத பிள்ளைக்கும் இரண்டாம் வினாவிற்கு விடை இருக்கக்கூடும்.